மூஸ் வட்டமடிக்கும் பக்கம்

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு சவிரிமுத்து அண்ணை என்னைத் தன் வேட்டைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்டார் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவர் சொன்னது வேறு.

"எமிலியானுஸ், இந்தமுறை வந்து பார். சரிவராட்டி அடுத்த வருஷம் அருளம்பலத்தைக் கூட்டிக்கொண்டு போவன்."

அண்ணை மன்னார்க்காரர், இங்கே மொன்ட்ரியால் துறைமுகத்தில் லொறி ஓட்டுபவர். அவரும் அவருடைய கூட்டாளி பேனாட்டும் ஆறு வருடமாக ஒவ்வோர் ஒக்டோபரிலும் வடக்கே ஐந்து மணிநேரம் ஓடிப்போய், காட்டில் ஒரு கிழமை மூஸ் வேட்டையாடுவார்கள். அந்த ஆறு வருடத்தில் விழுந்தது ஒரே ஒரு மூஸ். ஆனால் கதைகளுக்குக் குறைவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அவர்கள் கதையை அவிழ்த்தால், கேட்க ஒரு கூட்டமே நிற்கும். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று நின்று அலுத்துப்போனவன். ஒருமுறையாவது கேட்கிற பக்கத்திலிருந்து சொல்கிற பக்கத்துக்குப் போய்விட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

அதனால் விழுந்து விழுந்து படித்தேன். துவக்குப் பரீட்சை, அனுமதிப்பத்திரம் எல்லாம் முடித்து, மொன்ட்ரியால்-நோர் நூலகத்தில் மூஸ் பற்றி இருந்த பிரெஞ்சுப் புத்தகங்களையும் அகராதி வைத்து வாசித்தேன். மூஸ் குதிரையைவிட உயரமான மான். கண் மந்தம், காதும் மூக்கும் படு கூர்மை. ஒக்டோபரில் பெட்டையின் குரல் கேட்டால் கிடா எவ்வளவு தூரத்திலிருந்தும் வரும், ஆனால் நேரே வராது. வட்டமடித்து, காற்று வீசிப்போகும் பக்கமாகச் சுற்றிப் போய், மணந்து பார்த்து, பெட்டைதான் என்று நிச்சயமான பிறகே கிட்ட வரும். பொம்பிளை பார்க்கப் போகும் எங்கள் ஆட்களுக்கு இவ்வளவு நிதானம் கிடையாது.

பெட்டையின் குரலைக் குளியலறைக்குள் நின்று பழகினேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டு றோசலின் மல்லித்தண்ணியோடு ஏறி வந்துவிட்டார்.

"அக்னெஸ், இவருக்கு வயித்துக்குள்ள என்ன செய்யுது?"

"வயித்துக்குள்ள ஒண்டுமில்லை அக்கா, தலைக்குள்ளதான்," என்றாள் என் மனைவி.

புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பே உள்ளியும் வெங்காயமும் விட்டேன். வாசனையில்லாத சவர்க்காரத்தில் குளித்தேன். உடுப்பைப் பல்கனியில் உலர்த்தி, சமையல் மணம் படாமல் பையில் கட்டினேன். "கலியாணத்துக்குக்கூட நீங்கள் இப்பிடி வெளிக்கிடேல்லை," என்று அக்னெஸ் குறைப்பட்டாள். அதுவும் உண்மைதான்.

முதல்நாள் விடியலில் சதுப்பு நிலக் கரையில் மூவரும் ஒன்றாக அமர்ந்தோம். காது விறைக்கும் குளிர். பேனாட் மரப்பட்டைக் குழலை வாயில் வைத்து இரண்டு தரம் கத்தினான். அரை மணிநேரத்தில் மறுகரையிலிருந்து கட்டையாக ஓர் உறுமல் வந்தது. பிறகு கிளை முறியும் சத்தம். என் நெஞ்சு அடித்ததில் அது எனக்குச் சரியாகக்கூடக் கேட்கவில்லை. சத்தம் எங்களுக்குப் பின்பக்கமாகச் சுற்றிப்போய் நின்றது. திடீரென்று ஒரு சீறல், தடதடவென்று ஓட்டம், பிறகு ஒன்றுமில்லை.

சவிரிமுத்து அண்ணை மெதுவாகத் திரும்பி என் நெற்றியைப் பார்த்தார். என் இடது கையில் தைலப் போத்தல், வலது கையில் அதன் மூடி. நெற்றியிலும் மூக்கடியிலும் பூசியாகிவிட்டது.

சத்தியமாக நான் அறியேன். குளிர் பட்டால் தைலம் பூசுவது நாங்கள் யோசித்துச் செய்கிற வேலையா? கை தன்பாட்டில் பொக்கற்றுக்குள் போய்க் காரியத்தை முடித்திருக்கிறது. போத்தலை அக்னெஸ்தான் வைத்திருப்பாள் என்று அவள்மேல் பழியைப் போடப் பார்த்தேன். வைத்தது நானேதான் என்று பிறகு ஞாபகம் வந்தது.

"காடு முழுக்க மணக்குது," என்றான் பேனாட்.

அண்ணை துவக்கைத் தோளில் கொழுவிக்கொண்டு எழுந்தார். "அருளம்பலத்துக்குத் தைலப் பழக்கம் இல்லை."

எனக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது. அன்று முழுக்க ஓடைத் தண்ணீரில் முகத்தைத் தேய்த்தும் மணம் போகவில்லை, தொப்பியிலும் கழுத்துச் சால்வையிலும் ஊறிவிட்டது. மறுநாள் விடிய அண்ணை என்னைப் பக்கத்தில் இருக்கவே விடவில்லை.

"உன்ர மணம் எங்களுக்கு வராத பக்கமாப் போயிரு. நூறு மீற்றர் தள்ளிப் போ."

ரோசத்தோடு நடந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. மணம் அவர்களுக்கு வராத பக்கமென்றால் காற்று வீசிப்போகும் பக்கம். கிடா வட்டமடிக்கும் பக்கமும் அதுதானே. திரும்பிப்போய்ச் சொன்னாலும் கேட்கிற மனநிலையில் அவர்கள் இல்லை. பேசாமல் ஒரு விழுந்த மரத்தின் பின்னால் குந்திக்கொண்டேன்.

பேனாட் கத்தினான். முக்கால் மணிநேரத்தில் அது வந்தது. என் மணம் எனக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்க, அது எனக்கு முன்னால், இருபது அடி தூரத்தில் வந்தது. அகலமான மேசையை வாசலால் கொண்டுபோகிறவர்களைப் போல் கொம்பைச் சரித்துச் சரித்து மரங்களுக்கிடையால் நுழைந்தது. மூன்று அடி வைக்கும், நிற்கும். ஒரு காது குரல் வந்த பக்கம், மற்றக் காது என் பக்கம். மேலுதட்டைச் சுருட்டிக் காற்றை இழுத்தது. படித்ததையெல்லாம் ஒன்று விடாமல் செய்துகாட்டியது. நான் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருப்பது பெட்டையல்ல, மனிதர்தான் என்று அது மணந்து அறிந்ததும் சத்தமே இல்லாமல் திரும்பி ஓடை வழியே போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் இருவரும் வந்தார்கள். "இண்டைக்கு ஒண்டும் வரேல்லை," என்றான் பேனாட்.

"வந்தது," என்றேன்.

அண்ணை என் மடியில் கிடந்த துவக்கைப் பார்த்தார். "ஏன் சுடேல்லை?"

நானும் அதைப் பார்த்தேன். "மறந்துபோனன் அண்ணை."

பேனாட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணை சிரிக்கவில்லை. எங்கே நின்றது, எந்தப் பக்கம் மணந்தது, எதால் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் காட்டக் காட்ட, ஈரமண்ணில் குனிந்து குளம்புத் தடங்களைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"ஆறு வருஷத்தில ஒண்டைத் தவிர வேற வரேல்லை எண்டுதான் நினைச்சனாங்கள்," என்றார் பேனாட்டிடம். "எங்களுக்குப் பின்னால வந்து பாத்திட்டுப் போயிருக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு நான் எங்க இருக்கிறது? நீ சொல்லு."

காற்றுப் பார்க்க விரலை நனைத்து உயர்த்தினேன்.