கூடுதல் இழுப்பு

"எடைங்க மேல கைய வச்சே, ஒடிச்சிருவேன்," என்றாள் அவள். கொழுந்தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிவிட்டுக் கணினித் திரைமுன் போய் உட்கார்ந்தான்.

இருவருக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டுச் சாப்பாட்டு மேசையோடு போயிருக்க வேண்டிய சண்டை, அவனும் இதே ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் இங்கேயும் குடிவந்துவிட்டது. காற்றில்லாத கலத்துக்குள் ஒரு பொட்டு அணுக்களை, இதற்கு மேல் குளிரவே முடியாது என்கிற எல்லை வரை குளிரவைத்து விழவிடுவது அவர்கள் வேலை. மோட்டார் பெரிய உலோக எடைகளைக் கலத்தருகே கொண்டுவரும், ஒருமுறை விழவிடுவார்கள். எடைகள் விலகியதும் மறுபடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த எடைகளின் ஈர்ப்பு. அது பாடப்புத்தகக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. மாதக்கணக்காக அப்படியே. கண்டுபிடித்தது அவள். நாளைக்குக் கருத்தரங்கில் சொல்லப் போகிறாள். இத்தனை வருஷம் தன்னை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள் முன்னால்.

கொழுந்தன் அதைக் கெடுக்காமல் விடமாட்டான் என்று நம்பினாள். அதனால் எடைகள் நெருங்கும்போதெல்லாம் கலத்தை ஒட்டி நாற்காலி போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருப்பாள். விலகினால் காப்பி குடிக்கப் போய்விடுவாள்.

"அண்ணி, எடை கிட்ட வர்றப்போ இன்னிக்கு மட்டும் வெளிய நில்லுங்க."

"எதுக்கு? நீ உள்ள நோண்டுறதுக்கா?"

"நானும் வெளிய வர்றேன். பூட்டி சாவிய நீங்களே வச்சுக்குங்க." அவன் குரலில் கேலி இல்லை. "உங்களுக்கும் எடை இருக்குல்ல அண்ணி. அதுவும் இழுக்கும்ல."

சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. எடைகள் நெருங்கியபோதெல்லாம் அவளும் கலத்தருகே இருந்தாள்; விலகியபோது இல்லை. இவன் வாயால் விளங்கியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மோட்டாரை ஓடவிட்டு, கதவைப் பூட்டிவிட்டுக் கண்ணாடி வழியே இருவரும் பார்த்தார்கள். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து பாடப்புத்தகக் கோட்டின் மேலேயே சமர்த்தாக உட்கார்ந்தன. ஒன்றுகூட அவள் பக்கம் இல்லை.

"வீட்ல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணி," என்றான்.

அவன் சிரித்திருந்தால் ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம். அவள் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். நாற்காலியை இழுத்து, தோள் கலத்தில் இடிக்கும்படி நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஓட்டு."

"அண்ணி, வேணாம்..."

"ஓட்டுடா!"

மோட்டார் முனகியது. புள்ளிகள் கோட்டுக்கு மேலே ஏறத் தொடங்கின.