மெர்ல் சொட்டவிட்ட குழாய்

வடக்கு டக்கோட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வந்த நாங்கள் பலரும் வண்டிவீட்டில்தான் குளிர்காலத்தைத் தள்ளுகிறோம். என் பக்கத்து வண்டி மெர்லுடையது. தண்ணீர் உறைவதைப் பற்றி அவனிடம் யாரும் வாய் திறக்க முடியாது. தண்ணீர் வரும் ஹோஸில் மின்சாரச் சூட்டுப்பட்டி சுற்றி, அதன்மேல் பஞ்சுறை போட்டு, வண்டிக்கு அடியில் காற்று புகாமல் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, முகாமில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவன் மனைவி ஆர்டிஸ் மட்டும் அசரவில்லை. மைனாட்டில் இருக்கும் அக்காவைப் பார்க்கக் கிளம்பும்போது, கழிவுநீர்த் தொட்டியின் வால்வை மூடியே வை, நிறைந்த பிறகு திறந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். மெர்ல் தலையாட்டினான். குளிரில் அடிக்கடி வெளியே போகச் சோம்பல்பட்டு வால்வைத் திறந்தே போட்டான். போதாததற்கு, ஓடுகிற தண்ணீர் உறையாது என்று உள்ளே குழாயையும் சொட்டவிட்டுப் படுத்தான்.

குழாய் உறையவில்லைதான். ஆனால் சொட்டிய தண்ணீர் திறந்திருந்த வால்வு வழியே போய், வெளியே கழிவு ஹோஸில் துளித்துளியாக உறைந்து அடைத்துக்கொண்டது. தொட்டி நிரம்பி, குளியலறை வடிகால் ஓட்டை வழியே பொங்கி, தரையெல்லாம் பரவி, கதவிடுக்கில் கசிந்து கல்லாக இறுகியது.

காலையில் மெர்லிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"இங்கர், கதவு திறக்க மாட்டேங்குது. சத்தம் போடாம வா. யாரையும் கூட்டிட்டு வராத."

நான் ஹேர் ட்ரையரோடு போவதற்குள் அவன் பொறுமை இழந்து ஜன்னல் வழியே இறங்க முயன்றிருந்தான். தரையில் கிடந்த கால்சட்டை கழிவுநீரில் ஊறிவிட்டதால் ஆர்டிஸின் ரோஜாப்பூ போட்ட மேலங்கியை மாட்டியிருந்தான். இடுப்போடு சிக்கிக்கொண்டு பாதி உடம்பு வெளியே தொங்கியது. அந்த நேரம் பார்த்து ராத்திரி வேலை முடிந்தவர்களின் பஸ் வந்து நின்றது. அதன் பின்னாலேயே ஆர்டிஸின் காரும்.

அவள் நிதானமாக இறங்கி வந்தாள்.

"வால்வ மூடினியா?"

"அத அப்புறம் பேசலாம். கையப் பிடிச்சு இழு."

"உள்ள இருக்கப் போறியா, வெளிய வரப் போறியான்னு முதல்ல முடிவு பண்ணு."

இருவரும் சேர்ந்து இழுத்தோம். பனியில் மூட்டைபோல விழுந்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஹோஸில் இறுகிய பனிக்கட்டியை உருக்கி, நாற்றத்தைக் கழுவித் தள்ள அன்று முழுக்க ஆனது. இருவரும் என் வண்டியில்தான் தங்கினார்கள். ஆர்டிஸுக்குக் கட்டில், மெர்லுக்குத் தரை. படுப்பதற்கு முன் அவன் இரண்டு தடவை வெளியே போய் என் வண்டியின் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். நான் பார்க்கச் சொல்லவே இல்லை.