ஸ்கெல்பியின் மூன்று உறுப்பினர்கள்

வாட்லி குடும்பத்தில் செத்துப்போன இரண்டு பேர் லண்டன் நாடாளுமன்றத்துக்கு ஒரு நாள் தவறாமல் வந்து வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஸ்கெல்பி தொகுதியில் முப்பத்தோரு வருடம் உறுப்பினராக இருந்த ஆம்ப்ரோஸ். மற்றவர் அவருக்குப்பின் இருபத்தாறு வருடம் இருந்த மகன் லயனல். உயிரோடு இருந்தவரை அப்பனும் மகனும் எதிரெதிர்க் கட்சி, கிறிஸ்துமஸ் விருந்தைக்கூடத் தனித்தனி மேசையில் சாப்பிட்டவர்கள். லயனலின் மகள் ஹெஸ்டர் அதே தொகுதியில் ஜெயித்து முதல் வாக்கெடுப்புக்குப் போன அன்றுதான் இருவரும் ஒன்று சேர்ந்தார்கள். அவர் ‘ஆம்’ வாசலில் நுழைந்தால் அவர்கள் ‘இல்லை’ வாசலில் நுழைந்தார்கள். அங்கே வாக்கெடுப்பு என்பது வாசலைக் கடக்கிற தலைகளை எண்ணுவது. தலை இருந்தது, எண்ணினார்கள். சபாநாயகர் மூன்று நாள் விதிகளைப் புரட்டினார். கவசம் அணிந்து வரக்கூடாது என்று இருந்தது, செத்தவர் வரக்கூடாது என்று எங்கும் இல்லை.

இப்படிப் பதினான்கு வருடம் ஹெஸ்டர் போட்ட ஒவ்வொரு வாக்கும் அவர் கட்சிக்கே நஷ்டம். முக்கியமான நாட்களில் கொறடா அவரைக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவார். மந்திரி பதவியைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. ஒருமுறை தேநீர் அறையில் ஹெஸ்டர் அப்பாவை மடக்கினார்.

“அப்பா, ஒரே ஒரு தடவை என்கூட வாங்களேன்.”

“நீ எந்தப் பக்கம் போறியோ அது தப்பான பக்கம்மா. இந்த ஒரு விஷயத்துலதான் எனக்கும் உன் தாத்தாவுக்கும் ஒத்துப்போகுது, அதையும் கெடுக்காதே.”

பதினைந்தாம் வருடம் ஸ்கெல்பி ஆஸ்பத்திரியை மூடும் தீர்மானம் வந்தது. ஹெஸ்டர் பிறந்த ஆஸ்பத்திரி அது, அடுத்தது நாற்பது மைல் தள்ளி. மூடவிட மாட்டேன் என்று வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சொல்லியிருந்தார். அன்று அவரையும் பெரியவர்கள் இருவரையும் விட்டுவிட்டுப் பார்த்தால், இரண்டு பக்கமும் முந்நூறு முந்நூறாகச் சமமாக நின்றது. ஹெஸ்டர் வாசல்களுக்கு நடுவே நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு மூடச் சொல்கிறவர்களின் வாசலில் நுழைந்தார். பெரியவர்கள் இருவரும் விறுவிறுவென்று எதிர்வாசலுக்கு நடந்தார்கள். ஒரு வாக்கில் ஆஸ்பத்திரி பிழைத்தது.

மறுநாள் செய்தித்தாளில், மூடச் சொன்னவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அடுத்த தேர்தலில் ஸ்கெல்பி அவரை ஒன்பதாயிரம் வாக்கில் தோற்கடித்தது. ஜெயித்தவர் ஒரு மாட்டு டாக்டர்.

அந்தக் குளிர்காலத்தில் ஹெஸ்டர் சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார். நர்ஸ் டோரீன் வேண்டியதைவிடக் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள்.

“கணக்கெல்லாம் எனக்கும் தெரியும்மா. நீ அப்படிப் போகலன்னா இந்தக் கட்டடமே இருக்காது. ஆனாலும் மூடச் சொல்ற வாசல்லதானே போனே.”

“ஆமா, போனேன்.”

“எனக்கு மனசு ஆறல.”

“எனக்கும்தான் ஆறல, டோரீன்.”

ஊசி போட்டவர்கள் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஹெஸ்டர் வராந்தாவில் போய் உட்கார்ந்தார். உள்ளே ஏதோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, கேட்க நன்றாக இருந்தது. சற்று நேரத்தில் அப்பாவும் தாத்தாவும் வந்து எதிர் வரிசையில் உட்கார்ந்தார்கள். டோரீன் எட்டிப் பார்த்து, ஊசிக்கு வந்திருந்தால் டோக்கன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.