கயிறு வாங்காத கை

பங்காரு நாயுடு ஒரு மாட்டின் முதுகைத் தட்டி "நல்ல மாடு" என்று சொல்லிவிட்டால், வாங்குகிறவன் பல்லைக்கூடப் பிடித்துப் பார்க்கமாட்டான். திருத்தணி வட்டாரத்தில் முப்பது வருஷமாக அவர் பேச்சுக்கு அந்த மதிப்பு. அப்படிப்பட்ட மனுஷரின் மானத்தை ஒரு மோட்டார் நடுரோட்டில் வாங்கியது. மோட்டாரைச் சொல்லி என்ன பயன்? விற்றானே ஒருத்தன், அவனைச் சொல்ல வேண்டும்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. அரக்கோணத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஜெகநாதன் என்பவன் கொட்டகை போட்டு, கைமாறி வந்த கார்களை விற்றுக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு ஜமீன் கழித்துவிட்ட நீளக் கார் ஒன்று அங்கே நின்றது. மடக்குகிற மேல்மூடி, சிவப்புத் தோல் சீட்டு, கண்ணாடியாய் மின்னும் விளக்குகள். மலைக்கோயில் ஊரில் முகூர்த்தத்துக்குக் குறைவில்லை, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாமே என்று பங்காருவுக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

ஜெகநாதன் அவரை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். கேட்டில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னான்: "சத்தம் வருதா பாருங்க நைனா! பூனை நடக்கறாப்ல போவும். ஏதாச்சும்னா நான் எங்க ஓடிப்போறேன், இங்கதான கீறேன்?"

விலை பேசும்போதும் அவனே முந்திக்கொண்டான். "நம்ம மொறையிலயே முடிச்சிக்கலாம் நைனா. துண்டைப் போடுங்க."

துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை முடிந்தது. சந்தையில் அப்படிக் கை சேர்ந்தால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. பதினைந்து நாளைக்குள் மாடு நுகத்தடியில் படுத்துவிட்டால், வாங்கினவன் ஓட்டிவந்து கயிற்றை நீட்டுவான். விற்றவன் மறுபேச்சில்லாமல் கயிற்றை வாங்கிக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவான். இது ஜெகநாதனுக்குத் தெரியாதா? போன வருஷம் அவன் மாமனாருக்குத் தாம் விற்ற மாடு ஆறாம் நாள் படுத்தபோது, அரக்கோணத்துக்கே நடந்துபோய்க் கயிற்றை வாங்கி வந்தவர் இதே பங்காருதான். அந்த நம்பிக்கையில், அவன் நீட்டிய இங்கிலீஷ் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே கையெழுத்துப் போட்டார்.

முதல் ஊர்வலம் கே.ஜி.கண்டிகை எல்லப்பன் மகள் பாஞ்சாலியின் கல்யாணத்துக்கு. எல்லப்பன் கூலி வேலை செய்பவர். மாப்பிள்ளை வீட்டார் மணவூரில் கொஞ்சம் வசதி. மோட்டார் இல்லாமல் என்ன ஊர்வலம் என்று அவர்கள் மூஞ்சியைச் சுளித்தபோது, "என் வார்த்தைய நம்பு எல்லப்பா" என்று தைரியம் சொன்னவர் பங்காரு.

வாங்கின எட்டாம் நாள் அது. திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மேளதாளத்தோடு கிளம்பிய கார், கண்டிகைப் பாதை மேட்டில் கடகடவென்று உலுக்கிவிட்டு நின்றது. தள்ளியும் பயனில்லை. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புழுதியில் நடந்தான். எல்லப்பன் பங்காருவைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அதற்குப் பதில் அவர் காறித் துப்பியிருக்கலாம்.

மறுநாள் ரயில்வே பிட்டர் ஏசுவடியான் வந்து கியர் பெட்டியைத் திறந்தார். எண்ணெயில் ஊறிய மரத்தூளை ஒரு கை அள்ளிக் காட்டினார்.

"பல்லெல்லாம் தேஞ்சிபோச்சு நைனா. சத்தம் வெளிய வராம இருக்கத் தூளை அடைச்சிக்கீறான். பத்து நாளு தாங்கும், அவ்ளோதான்."

பங்காருவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. கிழட்டு மாட்டுக்கு உப்பும் தவிடும் வைத்து, தண்ணீரைக் குடிக்கவிட்டு, வயிற்றை உப்பவைத்து விற்கிற அயோக்கியனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? அந்த மாடாவது நடக்கும்!

சந்தை நாளன்று தம்முடைய இரண்டு காளைகளைக் காரின் முன்னால் பூட்டினார். அரக்கோணம் வரை வழியெல்லாம் ஜனம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று ஓட்டிக்கொண்டு போனார். கொட்டகை வாசலில் காளைகளை அவிழ்த்துவிட்டு, காரில் கட்டியிருந்த கயிற்றின் நுனியை நீட்டினார்.

"ஜெகநாதா, எட்டாம் நாளே படுத்துக்கிச்சு. கயித்த வாங்கு."

"இன்னா நைனா கூத்து இது? மாட்டுக்குச் சரி, மோட்டாருக்கு ஏது கயிறு? உள்ளது உள்ளபடி வாங்கிக்கினேன்னு காயிதத்துல கையெழுத்துப் போட்டுக்கீறீங்களே."

"துண்டுக்கு அடியில கை குடுத்தியே, அது இன்னாடா?"

"அது வெலைக்குங்க."

"வெலைக்கு எங்க மொறை, ஏமாத்தறதுக்கு உன் மொறையா? தூளை அடைச்சதும் அந்தக் காயிதத்துல கீதா? படிச்சிக் காட்டு!"

ஜெகநாதன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். சந்தைத் தரகர்கள் கூடி நின்று அதைப் பார்த்தார்கள். பங்காரு கயிற்றை அவன் காலடியில் போட்டுவிட்டுக் காளைகளோடு திரும்பினார்.

ஆடி பிறந்து மழையும் விழுந்தது. எல்லப்பன் ஒருநாள் வந்து வாசலில் நின்றார். "நொண்டி ஊர்வலம் வச்ச வூட்டுப் பொண்ணுன்னு பாஞ்சாலியக் குத்திக் காட்டிகினே கீறாங்க நைனா. ஆடிக்கும் அனுப்பமாட்டேன்றாங்க" என்றார்.

அதே வாரம் ஜெகநாதன் மாமனாரோடு அரக்கோணம் சந்தைக்கு வந்தான். மாமனாரின் ஏர் மாடு ஒன்று செத்துப்போய், உழவு நின்றுபோயிருந்தது. மனசுக்குப் பிடித்த ஒரு மாட்டின் சொந்தக்காரனிடம் விலை பேசக் கையை நீட்டினான். அவன் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அடுத்தவனும் அப்படியே. பங்காரு யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கவில்லை.

"மொதல்ல அந்தக் கயித்த எடுடா" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. வயலில் ஈரம் காய்கிறதே என்று மாமனார் அவனைச் சந்தை நடுவிலேயே கண்டபடி ஏசினார்.

மத்தியானம் ஜெகநாதன் கயிற்றோடு பங்காருவின் முன்னால் வந்து நின்றான். "எடுத்துட்டேன் நைனா. பணத்த இப்பவே குடுத்துடறேன்."

"பணம் எங்க போவுது, அப்பறம் குடு. இப்ப ரயிலுக்கு நட."

"எங்க?"

"மணவூருக்கு. பாஞ்சாலி மாமியார் வூட்டுக்கு."

"நைனா, கூட வேணாலும் சேத்துத் தரேன். அது மட்டும் வேணாம்."

பங்காரு ஸ்டேஷன் பக்கம் திரும்பினார். ஜெகநாதன் சுற்றிலும் பார்த்தான். ஒருவர் கையும் முன்னால் வரவில்லை. நடந்தான்.

மணவூர் வீட்டில் மாமியார் முற்றத்தில் நின்றிருந்தாள். கதவோரம் பாஞ்சாலி. ஜெகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு, கார் நின்றது தன்னால்தான், மரத்தூளை அடைத்தது தான்தான் என்று முணுமுணுத்தான்.

"இன்னாங்க சொல்றாரு? காதுல வுழலியே" என்றாள் மாமியார்.

"உரக்கச் சொல்லுடா" என்றார் பங்காரு. "சத்தமே வராதுன்னு உரக்கத்தான சொல்லி வித்த!"