யார் எங்கே நின்று பார்த்தது

“ஒன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. போட்டுட்டு எங்க வேணும்னாலும் போ. போடலைன்னா இந்த வாசப்படி ஒனக்கில்ல” என்று சிங்காரவேலு மகளிடம் கத்தியது வேலி தாண்டிக் கேட்டது. நான் அவர்கள் வேலியோரம் முருங்கைக்கீரை ஒடிக்கப் போயிருந்தேன். என் வீட்டிலேயே மரம் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆட்சி மாறியதும் கறுப்பு சிவப்புக் கரைத் துண்டுக்கு மாறியவர் அவர். நில உச்சவரம்புக்குப் பயந்து பத்து ஏக்கரை மகள் ராஜாத்தி பேருக்கு எழுதிவைத்தார். அதில் குத்தகைக்குப் பாடுபடுவது பக்கிரி. குத்தகைக்காரர்கள் பேரைச் சர்க்கார் பதியப்போகிறது என்றதும், ‘இந்த நிலத்தில் யாரும் இல்லை’ என்று மனு தயாராகிவிட்டது. உடையவள் ராஜாத்தியாயிற்றே, அவள்தான் கையெழுத்திட வேண்டும். போட்டால் பக்கிரி குடும்பம் தெருவில் நிற்கும்.

ராஜாத்தி சென்னையில் பௌதிக ஆராய்ச்சி செய்கிறவள். மத்தியானம் அவளை வாய்க்கால் கரையில் பிடித்துக்கொண்டு, அப்படி என்னதான் படிக்கிறாய் என்று கேட்டேன். பெரிய நட்சத்திரம் ஒன்று தன் பாரத்திலேயே நொறுங்கி, அளவே இல்லாத ஒரு புள்ளியை நோக்கிச் சுருங்குமாம். அங்கே இடமும் காலமும் வளைந்துவிடும். வெறுமை வெறுமையாக இராது. குவாண்டம் புலங்கள் நடுங்கி, ஒன்றுமில்லாததிலிருந்து துகள்கள் பிறக்கும். புள்ளியை நெருங்க நெருங்கக் கொந்தளிப்பு ஏறி, கடைசியில் கணக்கே உடைந்துவிடும்.

கேட்கக் கேட்கக் கரை என் காலடியில் மெல்ல வளைந்தது. நட்ட வயலில் தலைகீழாகக் கிடந்த வானத்துக்குள் நாற்றுகள் வழுக்கிக்கொண்டிருந்தன. ஒரு கொக்கு எழும்பியது. எழும்பி முடிக்கவே இல்லை.

“அப்ப அங்க ஏதாச்சும் இருக்கா, இல்லையா?”

“பாக்கறவங்களைப் பொறுத்தது அத்தை. அந்தப் புள்ளியைச் சுத்தி வெளிச்சம்கூடத் தப்பாத இருட்டு. அதோட விளிம்புல, உள்ள விழுந்துக்கிட்டே பாக்கறவருக்கு ஒண்ணுமில்ல. விழாம நின்னு பாக்கறவருக்குத் துகளாக் கொதிக்கும்.”

சொன்னவள் சட்டென்று நிறுத்தி, சேற்றில் குனிந்திருந்த பக்கிரியையே பார்த்தாள். அப்புறம் நேரே வீட்டுக்கு நடந்தாள். கீரை போதவில்லை என்று நானும் பின்னாலேயே போனேன்.

“யாரும் இல்லைன்னு எங்கேருந்து பாத்து எழுதுனீங்க அப்பா?”

“என் நெலத்தை நான் எங்கேருந்து பாத்தா என்ன?”

“பக்கிரியண்ணன் அதுல நிக்கிறாரே. நான் போட மாட்டேன்.”

மறுநாள் பக்கிரியைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள். குத்தகைக்காரர் இவர்தான் என்று அதிகாரியிடம் எழுதிக்கொடுத்துவிட்டு, அப்படியே சென்னைக்கு ரயிலேறிவிட்டாள். வாசப்படியை அவளும் மிதிக்கவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

சிங்காரவேலு திருச்சிக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். ராஜாத்தி, கூட ஆராய்ச்சி செய்த மலையாளி ஒருவரைக் கட்டிக்கொண்டு பம்பாயில் இருக்கிறாள். கல்யாணத்துக்கு ஊரிலிருந்து போனது பக்கிரியும் பெண்சாதியும்தான். என்ன சாப்பாடு என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.