முதலாளி எழுதிய ‘ஐ’

அச்சகத்தின் புரூஃப் அறையில் பெரியவள் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துகிறாள். தம்பி பெண்டாட்டியான சின்னவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். ஆனால் மூன்றே மாதத்தில், சின்னவள் கண்ணுக்குத் தப்பிய பிழை கிடையாது என்று மெஷின்காரர்கள்கூடப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் பெரியவளுக்கு வயிறு எரியும்.

வெள்ளிவிழா மலருக்கு முதலாளியே ஆங்கிலத்தில் முன்னுரை எழுதியிருந்தார். அதில் ஓரிடத்தில் ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்று இருந்தது. சின்னவள் அந்த ‘ஐ’யைச் சிவப்பு மையால் அடித்து, ‘மீ’ என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

முதலாளி தாளும் கையுமாக அறைக்கே வந்து நின்றார்.

“யாரும்மா இதுல கை வச்சது?”

“நான்தான் சார். ‘பிட்வீன்’ வந்தா பின்னால ‘மீ’தான் வரணும்,” என்றாள் சின்னவள்.

“‘மீ’ங்கிறது வீட்டுல பேசுறது. நாலு பெரிய மனுஷங்க படிக்கிற இடத்துல ‘ஐ’தான் மரியாதை.”

“மரியாதைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். ‘கிவ் ஐ’ன்னு யாராச்சும் கேப்பாங்களா?”

வாசலில் நின்ற பைண்டர் களுக்கென்று சிரித்துவிட்டார். முதலாளியின் காதுமடல் சிவந்தது. அவர் பெரியவள் பக்கம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்க. எது சரி?”

அவளுக்குத் தெரியும். போன வாரம் ஒரு பள்ளிப் புத்தகத்தில் இதே பிழையை அவளே திருத்தியிருக்கிறாள். சின்னவள் நம்பிக்கையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் நிதானமாகத் துடைத்தாள்.

“நீங்க எழுதினதுதான் சார் சரி. அரைகுறையாப் படிச்சத வச்சுக்கிட்டு இவ ஆடுறா. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்.”

 மதியத்துக்குள் சின்னவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அவள் காத்து நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“உங்களுக்குத் தெரியும்தானே அண்ணி?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

“உன்னை வேலை பாக்கத்தான் கூட்டிட்டு வந்தேன். என் தலைமேல ஏறி உக்கார இல்ல.”

“உங்க தம்பிகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

“வாய்க்கொழுப்புல போச்சுன்னு சொல்லு. நானும் அதத்தான் சொல்லப் போறேன்.”

பேருந்து வந்தது. பெரியவள் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தாள். சின்னவள் ஏறவில்லை. வண்டி நகர்ந்ததும், காலியாக இருந்த பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டுப் பெரியவள் சௌகரியமாகக் காலை நீட்டிக்கொண்டாள்.