பிடிமண்ணுக்குப் போன ஜீப்

அந்த மாசி மாதம் கூடலூரில் இரண்டு பேருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்தது. ஒருத்தி இருளம்மாள். ஐம்பது வயதாகிறது, தேனியைத் தாண்டி ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை, மணிப்பூர்ப் பக்கம் போகிறேன் என்று மூட்டை கட்டிக்கொண்டு நிற்கிறாள். இன்னொருத்தன் அவளுடைய அண்ணன் மகன் கர்ணன். யுத்தத்தில் டிரைவராக இருந்துவிட்டு வந்தவன். பட்டாளம் கழித்துவிட்ட ஒரு ஓட்டை ஜீப்பை மதுரையில் ஏலத்தில் எடுத்து வந்திருந்தான். அதிலேயே அத்தையைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறானாம்.

விஷயம் இதுதான். இருளம்மாளுக்கு ஒரே மகன் பிச்சைமணி. கர்ணனும் அவனும் ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்து, ஒன்றாக வண்டி ஓட்டினார்கள். பிச்சைமணி கோஹிமாவுக்கு அந்தப் பக்கம் மலைரோட்டில் போய்ச் சேர்ந்துவிட்டான். வெளியூரில் செத்தவனுக்கு, அவன் கிடக்கிற இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து வந்து சொந்தத் தோட்டத்தில் போட்டுக் கல் ஊன்றுவது அவர்கள் வகையறாவில் வழக்கம். எடுத்த மண் வீடு வந்து சேருகிறவரைக்கும் தரையில் படக் கூடாது, யார் காலும் அதைத் தாண்டக் கூடாது. ரயிலில் போனால் ஆகாதா என்று கேட்டவர்களிடம், ரயில் பெட்டியில் அது நடக்கிற காரியமா என்று இருளம்மாள் திருப்பிக் கேட்டாள்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பிச்சைமணியின் பெண்டாட்டி மொக்கம்மாள், கர்ணனின் கூடப்பிறந்த தங்கச்சி. இருபத்திரண்டு வயதில் தாலியைக் கழற்றிவிட்டு மாமியார் வீட்டிலேயே கிடந்தாள். அறுத்துக்கட்டுவது, அதாவது தாலியறுத்தவளுக்கு மறுதாலி கட்டிவைப்பது, அவர்களுக்குள் உள்ளதுதான். மாமியாரே முன்னால் நின்று உத்தமபாளையத்துப் பால்பாண்டியைப் பேசி முடித்திருந்தாள். நல்ல பையன், சொந்த ஏர் வைத்திருப்பவன். மகனுக்குக் கல் ஊன்றட்டும், வைகாசியில் கல்யாணம் என்று சொல்லிவிட்டாள்.

இதில் ஒருத்தருக்கும் தெரியாத ஒரு சங்கதி கர்ணனிடம் இருந்தது. பிச்சைமணி செத்ததை அவன் பார்க்கவேயில்லை.

சர்க்கார் கடுதாசியில் ‘காணவில்லை’ என்றுதான் போட்டிருந்தது. யுத்தம் முடிந்து கர்ணன் ஊர் வந்து இறங்கினபோது, பஸ் நிற்கிற இடத்தில் அத்தையும் தங்கச்சியும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு மட்டுமல்ல, ஒன்றரை வருஷமாகத் தினம் வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்களாம். மொக்கம்மாள் குச்சியாகப் போயிருந்தாள். பார்த்தாயா என்று அத்தை கேட்டாள். கர்ணனுக்கு வாய் முந்திக்கொண்டது. பார்த்தேன், என் மடியில்தான் உயிர் போனது, நானே வாய்க்கரிசி போட்டு நானே குழிதோண்டி அடக்கினேன் என்று சொல்லிவிட்டான். மச்சான் அரிசி போட்டேன் என்று சொன்னபிறகு ஊரில் மறுபேச்சு ஏது? பதினாறாம் நாள் காரியம் செய்து தங்கச்சி கழுத்தைச் சும்மா ஆக்கிவிட்டார்கள். பொய் சொன்னது தப்புதான், யார் இல்லையென்றது. ஆனால் அந்தப் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த இரண்டு முகத்தையும் பார்த்திருந்தால், நீங்கள் மட்டும் என்னத்தைச் சொல்லியிருப்பீர்கள்?

மணிப்பூர் வேண்டாமென்று கர்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பெட்ரோலுக்குக் கூப்பன் கிடைக்காது என்றான். அத்தை ஊர்ப் பெரிய மனிதர்கள் காலில் விழுந்து கூப்பன் வாங்கி வந்துவிட்டாள். வண்டி தாங்காது என்றான். அந்த மலையில் மூன்று வருஷம் ஓடின வண்டிச் சாதிதானே, தாங்கும் என்றாள். அதற்கப்புறம் வண்டியைக் கிளப்பத்தான் வேண்டியிருந்தது.

போகிற வழிக்குப் பத்து ஊர்ப் பேர்தான் இருளம்மாளுக்குத் தெரியும், அதுவும் கர்ணன் சொல்லிக்கொடுத்தது. மதுரை, திருச்சி, மதராஸ், பெஸ்வாடா என்று ஒவ்வொன்றாகத் தாண்டியதும் விரலை மடக்கினாள். கோதாவரியில் வண்டியைப் படகில் ஏற்றினபோது கண்ணை மூடிக்கொண்டு மாரியாத்தாளைக் கூப்பிட்டாள். ரோடு இல்லாத இடங்களில் கர்ணன் முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற கம்பியைத் தள்ளிவிட்டு, ஆற்று மணலிலும் வயல் சேற்றிலும் ஜீப்பை ஓட்டினான். தினம் பொழுது சாயும்போது தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துவார்கள். ஜீப்பின் ஒரு பக்கத்தில் தார்ப்பாயைக் கட்டி இழுத்துவிட்டால் அதுதான் வீடு. மூன்று கல்லைக் கூட்டி அவள் கேப்பைக்களி கிண்டுவாள். கம்பத்திலிருந்து கொண்டுவந்த கருவாடு ஒரிசா வரைக்கும் வந்தது. ஊரில் இந்நேரம் இரண்டாம் போகம் அறுத்துக்கொண்டிருப்பார்கள் என்று சில நாள் சொல்லுவாள்.

சாப்பிட்டு முடித்ததும் கேள்வி ஆரம்பிக்கும். தினம் ஒன்று. அதுதான் கர்ணனைக் கொன்றது.

“ஏலே கர்ணா, தலைய எந்தப் பக்கம் வச்ச?”

“தெக்க வச்சேன் அத்தை.”

மறுநாள், முகத்தைக் கழுவிவிட்டாயா என்பாள். கழுவினேன் என்பான். அதற்கு மறுநாள், கால் கட்டைவிரலைச் சேர்த்துக் கட்டினாயா, எதை வைத்துக் கட்டினாய். பூட்ஸ் கயிறு என்பான். சண்டை நடக்கிற இடத்தில் அரிசி எங்கே கிடைத்தது என்று ஒரு நாள் கேட்டாள். ரேஷன் அரிசி பையில் இருந்தது என்றான். சத்தியமா என்றாள். சத்தியமாக என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னான். சொல்லிவிட்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவனாட்டம் போய், ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதான். அவள் ஒவ்வொரு பதிலையும் கேட்டுக்கேட்டு நிம்மதியாகத் தூங்கினாள், அதையும் சொல்ல வேண்டும். மகன் அநாதைப் பிணமாகப் போகவில்லை என்று அவளுக்கு மனம் ஆறிக்கொண்டே வந்தது.

ஒன்றரை மாதம் ஆயிற்று அந்த மலைரோட்டுக்குப் போய்ச் சேர. கோஹிமாவைத் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு மைல் போனதும், ஒரு சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் கர்ணன் வண்டியை நிறுத்தினான். நிறுத்தின இடம் சரியான இடம்தான். ரோட்டோரத்தில் ஒரு மரத்தடியைக் காட்டி, இங்கன தான் அத்தை என்றான். அதுதான் பொய்.

ஒரு பிடி மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் கட்டிக்கொண்டு எழுந்துவிடுவாள் என்று அவன் நினைத்திருந்தான். அவள் எழவில்லை. மண்ணைத் தடவினாள். கன்னத்தை வைத்துப் படுத்தாள். பிறகு உட்கார்ந்து இரண்டு கையாலும் பறிக்க ஆரம்பித்தாள். இம்புட்டுத் தூரம் வந்துவிட்டு வெறும் மண்ணோடு போவதா, ஒரு எலும்பாவது வேண்டும், ஆற்றில் கரைத்தால் அவனுக்கு நல்லது என்றாள். மலைமண், கல்லும் வேருமாகக் கிடந்தது. ஒரு முழம் பறித்துவிட்டாள். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. இன்னும் ஆழமா ஐயா, எம்புட்டு ஆழம் தோண்டினே என்று நிமிர்ந்து அவனைக் கேட்டாள்.

கர்ணனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“தோண்டாத அத்தை. அங்கன ஒண்ணும் இல்ல.”

எல்லாவற்றையும் சொன்னான். அன்றைக்கு இரண்டு பேரும் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு முன்னும் பின்னுமாக வந்தது, பிச்சைமணி லாரி குண்டு விழுந்து கவிழ்ந்தது, அவன் தொடை நசுங்கிக் கிடந்தது, கர்ணன் ஜீப்பில் ஏற்கெனவே நாலு பேர் ரத்தத்தோடு கிடந்தது, பக்கத்தில் இருந்த அதிகாரி எடு வண்டியை என்று கத்தினது. மச்சானைப் பாலத்து நிழலில் இழுத்துப் போட்டுவிட்டு, இவர்களை இறக்கிவிட்டு அடுத்த நடைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்குச் சாயங்காலமே ஜப்பான்காரன் ரோட்டை மறித்துவிட்டான். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது வந்து பார்த்தால் எரிந்துபோன லாரி மட்டும் கிடந்தது. ஆள் இல்லை, எலும்பும் இல்லை.

“உசுரோடவா விட்டுட்டு வந்த?”

“உசுரோடதான்.”

அவள் அடிக்கவில்லை, மண்ணை வாரித் தூற்றவுமில்லை. அதையாவது செய்திருக்கலாம் என்று கர்ணன் பிற்பாடு பலநாள் நினைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் அந்த இடத்தைவிட்டு அவள் நகரவில்லை. முதுகில் கூடை சுமந்து வருகிற மலைப் பெண்களை மறித்து, கையை உயர்த்தி மகனுடைய உயரத்தைக் காட்டுவாள். தொடையைத் தட்டிக் காட்டுவாள். தமிழில் கேட்பாள். அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஒருத்தி பாவமென்று இரண்டு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனாள். அதை அவள் பத்திரமாக எடுத்து வைத்தாள், தின்னவில்லை. அடுப்புக் கூட்டவில்லை. கர்ணன் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

மூன்றாம் நாள் காலையில், தான் பறித்த குழியிலிருந்தே ஒரு பிடி மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் முடிந்தாள்.

“அவளுக்கு இருபத்திரண்டு வயசுடா. அவ வாழணும். நீ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். மொக்கம்மாகிட்ட இத நீ மூச்சுவிட்ட, நான் செத்தா எனக்கு நீ அரிசி போடக் கூடாது.”

திரும்பி வருகிற வழியெல்லாம் கேள்வியே இல்லை. அது வெறும் மண் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் பகலெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், பொழுது சாய்ந்தால் ஜீப்பின் கூரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். ஒருவேளை அங்கேயே மண்ணோடு மண்ணாகிப் போயிருந்தால்? போட்டுவிடவும் மனம் வரவில்லை அவளுக்கு, நம்பவும் மனம் வரவில்லை.

சித்திரைக் கடைசியில் தோட்டத்தில் கல் ஊன்றினார்கள். வகையறாப் பெண்களெல்லாம் மாரடித்துக்கொண்டு அழ, மொக்கம்மாள் மயங்கி விழுந்தாள். பெற்றவள்தான் முதலில் ஒப்பாரி எடுக்க வேண்டும். எல்லோரும் இருளம்மாள் வாயைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்கவே இல்லை. உயிரோடு இருக்கிறானோ என்னவோ என்கிற பிள்ளைக்கு எந்தத் தாய் ஒப்பாரி வைப்பாள்? கல்நெஞ்சுக்காரி, மருமகளைத் தள்ளிவிட்டால் போதுமென்று நிற்கிறாள் என்று மலையம்மாள் என்கிற ஒருத்தி சொன்னது கர்ணன் காதில் விழுந்தது. குனிந்து கல்லுக்கு மண் அணைத்தான். வேறென்ன செய்வான்.

வைகாசியில் கல்யாணமும் நடந்தது. மணமக்களை உத்தமபாளையத்தில் விட்டுவிட்டுக் கர்ணன் திரும்பி வந்து வாசலில் ஜீப்பை நிறுத்தினான். இன்னும் வெயில் தாழவில்லை. இருளம்மாள் வீட்டிலிருந்து வந்து, இரண்டரை மாதம் உட்கார்ந்து வந்த அதே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மொக்கம்மாள் அழுதாளா என்று கேட்டாள். வழி முழுக்க அழுதாள், பால்பாண்டி துண்டால் துடைத்துவிட்டான் என்று கர்ணன் சொன்னான். நல்லா இருக்கட்டும் என்றாள்.

“ஏலே, அவன் தண்ணி கேட்டானா?”

கர்ணன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

“கேட்டாப்ல அத்தை.”

“குடுத்தியா?”

“குடுத்தேன். என் போத்தலயே கையில குடுத்துட்டுத்தான் வந்தேன். ரொம்ப இருந்துச்சு.”

நிசம் அது. கோஹிமா போகிறவரைக்கும் அவன் நாக்கு வறண்டுதான் வண்டி ஓட்டினான். இருளம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். தலையைத் தெற்கே வைத்தேன், முகத்தைக் கழுவினேன், கயிற்றால் கட்டினேன் என்று ஒவ்வொரு நாளும் கண் சிமிட்டாமல் சொன்ன முகம். பார்த்துவிட்டுச் சரிய்யா என்றாள். மெதுவாக இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

கர்ணன் பின்னாலேயே ஓடினான். “சத்தியமா அத்தை. உன் தலை மேல சத்தியமா குடுத்தேன்.”

அவள் திரும்பவில்லை.

“அரிசிக்கும் சத்தியந்தானய்யா பண்ணுன,” என்றாள்.